ஹாபரும் எங்கட ஊர்தான்

கொழும்புத் தமிழர் எல்லோரும் ஒரு தரமாவது பதில் சொல்லியிருக்கும் கேள்வி, "உங்கட சொந்த ஊர் எது?" கொட்டாஞ்சேனை என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. "அது சரி, சொந்த ஊர்?" என்று திரும்பக் கேட்பார். யாழ்ப்பாணமோ, மன்னாரோ, ஹட்டனோ, தூத்துக்குடியோ, தாத்தா எங்கிருந்து வந்தாரோ அந்தப் பெயர் வாயில் வரும்வரை விடமாட்டார். இதில் கேட்பவரை மட்டும் குறை சொல்ல ஏலாது. நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். கொட்டாஞ்சேனை என்றால் வேலைக்கு வந்து தங்கின இடம், வாடகை வீடு, அனெக்ஸ். ஊர் என்பது வேறெங்கோ இருக்கிற ஒன்று.

நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. கொட்டாஞ்சேனை ஒரு ஊர்தான். அதை ஊராக்கியதில் பெரிய பங்கு துறைமுகத்துக்கு. அந்தத் துறைமுகத்தின் கதையை நாங்கள் தமிழில் எழுதாமல் விட்டதால்தான் அந்தக் கேள்விக்கு முன்னால் தடுமாறுகிறோம். இதைக் காட்டுவதற்கு அலைதடுப்புச் சுவரையோ ஆளுநர்களின் பெயர்களையோ விட, யாரும் அக்கறைப்படாத ஒரு விஷயம் எனக்கு உதவியாக இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் ஹாபருக்குள் வந்த ஒரு கப்பல் எங்கே நிற்கும்? எதில் கட்டப்படும்? யார் முதலில், யார் கடைசியில்?

காலியிலிருந்து கொழும்புக்கு

கொழும்பு இயற்கையான துறைமுகம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பெரிய தபால் கப்பல்கள் நின்று நிலக்கரி ஏற்றியது காலியில். கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அங்கே நிற்பதும் கஷ்டம், சாமான் இறக்குவதும் கஷ்டம். ஆனால் கோப்பி விளைந்தது மலைநாட்டில். ரயில் பாதை வந்து சேர்ந்தது கொழும்புக்கு. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்கள் பெருகின. காலியின் பாறை வாசலுக்குள் அவ்வளவு கப்பல்களையும் விட ஏலாது.

ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் கொழும்பில் செயற்கைத் துறைமுகம் கட்டுவதென்று முடிவாகியது. திட்டம் போட்டவர் பொறியியலாளர் ஜோன் கூட். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைத்தார். 4,200 அடிக்கு மேல் நீளமான தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. பிறகு வடக்கிலும் சுவர்கள் வந்து, 1912 அளவில் ஏறக்குறைய 640 ஏக்கர் கடல் சுவர்களுக்குள் அடங்கியது. அடுத்த வருடம், 1913இல், அதை நிர்வகிக்கக் கொழும்புத் துறைமுக ஆணைக்குழு அமைந்தது.

இந்த வரிகளில் இளவரசரும் ஆளுநரும் வருகிறார்கள். கல் எங்கிருந்து வந்தது? மஹர கற்குழியிலிருந்து. உடைத்தவர்கள் கைதிகள். உடைத்த கல்லை ரயிலில் கொண்டுவந்து கொட்டினார்கள். மஹர சிறைச்சாலை என்றதும் எங்கட தலைமுறைக்கு ஞாபகம் வருவது 2020 நவம்பரில் அங்கே நடந்த கலவரமும் சாவுகளும். காலி முகத்திடலில் நின்று பார்க்கும்போது தூரத்தில் அலை மோதும் சுவருக்கும் அந்தச் சிறைக்கும் தொடர்பு இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு மிதவைக்கு நடுவே

சுவர் கட்டி முடிந்ததும் பிரச்சினை முடியவில்லை. உள்ளே 640 ஏக்கர் தண்ணீர் இருக்கிறது. அதில் எத்தனை கப்பலை நிறுத்தலாம்?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 400 அடி நீளக் கப்பல் ஒன்று முன்னால் ஒரு நங்கூரத்தை மட்டும் போட்டு நிற்கிறது. சங்கிலி 300 அடி வெளியே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று திரும்பினால் கப்பலும் திரும்பும். மாடு கட்டின கட்டையைச் சுற்றுவது போல. அப்படியென்றால் அந்தக் கப்பலைச் சுற்றி 700 அடி ஆரமுள்ள ஒரு வட்டம் காலியாக இருக்க வேண்டும். அது 35 ஏக்கர். முழு ஹாபரிலும் 18 கப்பல்கூட நிற்காது.

அதே கப்பலை முன்பக்கம் ஒரு மிதவையிலும் பின்பக்கம் ஒரு மிதவையிலும் கட்டினால் அது திரும்பாது. 600 அடி நீளமும் 150 அடி அகலமும் போதும். இரண்டு ஏக்கர். 35 ஏக்கரில் நின்ற ஒன்றை இரண்டு ஏக்கரில் நிறுத்தலாம்.

கொழும்பு இந்த இரண்டாவது முறையில்தான் வேலை செய்தது. கடலடியில் கனமான நங்கூரங்கள், அவற்றிலிருந்து சங்கிலி, மேலே இரும்பு மிதவைகள், வரிசை வரிசையாக. பழைய தபால் அட்டைகளில் கொழும்பு ஹாபரைப் பாருங்கள். கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கம் மூக்கை வைத்து, பஸ் தரிப்பிடத்தில் பஸ்கள் நிற்பது போல வரிசையாக நிற்கும். அது அழகுக்காக எடுத்த படம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது இடப் பற்றாக்குறையின் படம்.

கப்பல் தூரத்தில் தெரிந்ததும் கொடிச் சைகை. பைலட் படகில் போய் ஏறுவார். எந்த மிதவை காலி, இந்தக் கப்பலின் ஆழம் எவ்வளவு, நாளைக்கு எது புறப்படும் என்பதையெல்லாம் பார்த்துத் தரிப்பிடம் கொடுப்பது ஹாபர் மாஸ்டரின் பொறுப்பு. அதற்கு முந்திய காலத்தில் அந்தப் பதவிக்கு மாஸ்டர் அட்டென்டன்ட் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவியில் இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான் மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்புக்கும் மேற்பார்வையாளர். கப்பலுக்கு இடம் கொடுக்கும் கையும் முத்துக்குத் தமிழ், முஸ்லிம் குளியாட்களை இறக்கும் கையும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பைலட் கப்பலை மெதுவாக உள்ளே கொண்டுவருவார். வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு சின்னப் படகு ஒன்று மிதவைக்குப் போகும். ஒருவர் அந்த ஆடும் இரும்பின்மேல் பாய்ந்து ஏறி, கயிற்றை வளையத்தில் மாட்ட வேண்டும். வழுக்கினால் கப்பலுக்கும் மிதவைக்கும் நடுவே தண்ணீர். ஹாபர் மாஸ்டர்களின் பெயர்கள் அரச பதிவேடுகளில் இருக்கின்றன. மிதவையில் பாய்ந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கைக்கு அகப்படாது.

யாருக்கு முதலிடம்

துறைமுக நிர்வாகம் என்பது முந்தி வந்தவருக்கு முந்தி என்ற நடுநிலையான தொழில்நுட்பம் என்று சொல்லுவார்கள். இதை நான் ஏற்கவில்லை. எந்த வரிசையிலும் யாருடைய நேரத்துக்கு விலை அதிகம் என்ற கேள்வி உள்ளே ஒளிந்திருக்கும்.

பி அன்ட் ஓ போன்ற கம்பனிகளின் தபால் கப்பல்கள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, நேர அட்டவணைப்படி ஓடின. தாமதித்தால் தண்டப் பணம். அவற்றைக் காக்க வைக்க எந்தத் துறைமுகமும் விரும்பாது. அவற்றின் பயணிகள் நீராவிப் படகில் ஏறி, கோட்டைப் பக்கத்து பயணிகள் ஜெட்டியில் இறங்குவார்கள். இறங்கி நடந்தால் ஹோட்டல், வங்கி, நகைக்கடை. கப்பலைச் சுற்றிச் சின்னத் தெப்பங்களில் பையன்கள் வந்து, மேல்தட்டிலிருந்து எறியும் காசுக்காகத் தண்ணீரில் பாய்வார்கள். பயணக் குறிப்பு எழுதின வெள்ளைக்காரர் பலர் அதை ஒரு வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1897 ஜனவரி 15ஆம் திகதி சுவாமி விவேகானந்தர் மேற்கு நாடுகளிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கியதும் இந்த வழியில்தான். கப்பல் கரைக்கு வரவில்லை. படகுதான் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தது. அவர் பெயரில் கொட்டாஞ்சேனையில் மேடு இருக்கிறது, சபை இருக்கிறது. ஆனால் அவர் கால் வைத்த துறைமுகம் எங்கட கதைக்குள் வருவதில்லை.

கோட்டைப் பக்கம் அப்படியென்றால் எங்கட பக்கம்? நிலக்கரிக் குவியல், கிட்டங்கி, அரிசி மூட்டை, பின்னர் கப்பல் பழுது பார்க்கும் டொக். கொச்சிக்கடையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் உள்ள கரை, பயணிகள் பார்க்கத் தேவையில்லாத வேலைகளுக்கு. பயணிகளுக்கு ஒரு வாசல், பாரத்துக்கு இன்னொரு வாசல். கோட்டை ஏன் அப்படி இருக்கிறது, புளூமெண்டால் வீதி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அந்தக் காலத்து வாசல் பிரிப்பும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

பாரம் வந்த வழியாக நோயும் வந்தது. 1914இல் கொழும்புக்கு முதன்முதலாகப் பிளேக் வந்தபோது, தானியக் கிட்டங்கிகளும் எலிகளும் நிறைந்த செட்டியார் தெரு, புறக்கோட்டைப் பக்கத்தைத்தான் அது பிடித்தது. கறுவாத்தோட்டத்தை அல்ல.

தமிழ்நாட்டுக் கதை ஒன்றும் இங்கே சேரும். வ.உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கித் தூத்துக்குடியிலிருந்து ஓட்டினார். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் சும்மா ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். "கப்பலோட்டிய தமிழன்" படம் பார்க்காத வீடு குறைவு. ஆனால் அந்தக் கப்பல்கள் எங்கே போயின? கொழும்புக்கு. அந்தக் கதையின் ஒரு முனை தூத்துக்குடி என்றால் மறுமுனை எங்கட ஹாபர். தூத்துக்குடியில் சிலை இருக்கிறது. மறுமுனையில் எங்களுக்கு அது அடுத்த நாட்டுக் கதையாகவே இருக்கிறது.

நாட்டாமை என்றால் யார்?

இந்தியத் தமிழ்ப் படத்தில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் சொம்போடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுபவர். புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குபவர். சிங்களத்திலும் "நாட்டாமி" என்றே சொல்லுவார்கள். ஒரே சொல் கடலைக் கடந்து வந்து தலைகீழாகிவிட்டது. எப்படி என்று உறுதியாகச் சொல்ல நான் மொழியியலாளர் இல்லை. ஆனால் வேலைக்காரக் கூட்டத்துக்குத் தலைவரைக் குறித்த சொல், காலப்போக்கில் கூட்டம் முழுவதற்கும் பெயராகியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கொச்சிக்கடையின் பெயரிலேயே கொச்சி இருக்கிறது. ஒரு நகரத்தின் தெருவிலும் பேச்சிலும் இவ்வளவு ஆழமாகப் பதிந்தவர்களை வந்து போனவர்கள் என்று எப்படிச் சொல்லுவது?

கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்காத துறைமுகத்துக்கு மனிதர்கள் நிறையத் தேவை. கப்பலிலிருந்து லைட்டர் என்ற சரக்குத் தோணிக்கு ஒரு தரம் இறக்க வேண்டும். தோணியிலிருந்து கரைக்கு இன்னொரு தரம். கரையிலிருந்து கிட்டங்கிக்கு மூன்றாவது தரம். நிலக்கரி என்றால் இதே வேலை மறுபக்கமாக. மூட்டையாகவும் கூடையாகவும் சுமந்து பலகையில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் கொட்ட வேண்டும். இரவிலும் நடக்கும். இதில் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும், அவர்களோடு சிங்களவரும். தோட்டத்தில் இருந்ததைப் போல இங்கேயும் கங்காணி உண்டு. அன்றாட வேலை, கப்பல் இல்லாத நாள் கூலி இல்லாத நாள்.

கப்பல்காரருக்குக் காத்திருப்பு நட்டம். தொழிலாளிக்கும் காத்திருப்பு நட்டம். ஒருவருடைய நட்டத்துக்கு டெமரேஜ் என்று பெயர் வைத்து, கணக்கெழுதி, வசூலிக்க ஒரு முறை இருந்தது. மற்றவருடைய நட்டத்துக்குப் பெயரே இல்லை.

அதே நேரம், கப்பலுக்கு நேரம்தான் காசு என்பதால் அதை நிறுத்தி வைக்கும் பலமும் தொழிலாளியிடம் இருந்தது. 1920இல் ஹாபர் வேலைநிறுத்தம் நடந்தது. 1927இல் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம். இலங்கைத் தொழிற்சங்க வரலாறு என்றால் எங்கட நண்பர்கள் உடனே தோட்டங்களை நினைப்பார்கள். தோட்டங்களில் தொழிற்சங்கம் பலமாக வேரூன்றுவதற்கு முன்பே கொழும்பு ஹாபரில் இது நடந்துவிட்டது. குமாரி ஜயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாற்று நூலில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. எங்கட பக்கத்து வீட்டில் நடந்த கதையை நான் கம்பஸ் நூலகத்தில்தான் படிக்க வேண்டியிருந்தது.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1930களில் பொருளாதார மந்தம் வந்ததும் அதே குணசிங்க மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை நிறுத்த அரசாங்கம் முடிவெடுத்தது. நேரு பேச்சுவார்த்தைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தை என்ன செய்தது என்பது எங்களுக்குத் தெரியும். கொழும்பில் மூட்டை தூக்கின, கயிறு கட்டின இந்திய வம்சாவளியினரையும் அதே சட்டம்தான் நாடற்றவராக்கியது என்பதை நாங்கள் சேர்த்துச் சொல்லுவதில்லை. கப்பலுக்கு இடம் ஒதுக்கும் பட்டியல் இருந்தது. அதைக் கட்டினவர்கள் எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லை.

வெளியே போன கப்பல்கள்

1950களில்தான் பெரிய கப்பல்கள் வரிசையாகக் கரையோடு ஒட்டி நிற்கக்கூடிய ஆழமான துறைகள் வந்தன. எலிசபெத் மகாராணி துறை திறந்தது 1954இல். 1958 ஆகஸ்டில் சரக்குக் கையாளும் வேலையை அரசாங்கம் பொறுப்பேற்றது. அது தொழிலாளருக்கு நிரந்தர வேலையும் சம்பளமும் தரும் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 1958ஐத் தமிழர் வேறொன்றுக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே வருடம் மே, ஜூனில் கலவரம். கொழும்பில் அகதி முகாம்களில் இருந்த தமிழரைக் கப்பலில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள்.

1983 ஜூலைக்குப் பிறகும் அதே. "லங்கா கல்யாணி" என்ற கப்பலின் பெயர் எங்கட வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சரக்குக் கப்பல். அதில் காங்கேசன்துறைக்குப் போனார்கள்.

அந்த நேரம் அது உயிர் காத்த ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தைக் கவனியுங்கள். தமிழர் என்றால் சொந்த ஊர் வடக்கு. ஆபத்து வந்தால் அங்கே அனுப்பினால் சரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, காங்கேசன்துறையை ஒருநாளும் பார்க்காதவரும் தமிழர் என்பதால் அதே கப்பலில் ஏறியிருக்கக் கூடும். தன்னுடைய ஊரிலிருந்து கப்பலேறி, தெரியாத இடத்துக்குச் "சொந்த ஊருக்கு" போனார் என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

"சொந்த ஊர் எது?" என்ற கேள்வி எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான். அதைக் கேட்கிற அக்கா, அண்ணா அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அதே கேள்விக்குக் கப்பலை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் அதே கேள்வி

1979இல் துறைமுக அதிகாரசபை வந்தது. 1985இல் ஜய கொன்டெய்னர் முனையம் திறந்தது. மூன்று தரம் தூக்கின பாரத்தை ஒரு கிரேன் ஒரே தூக்கில் இறக்கியது. லைட்டரும் போனது, கூடையும் போனது. ஹாபர் சுவருக்குப் பின்னால் மறைந்தது. இன்றைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் நின்றால் கிரேன்களின் தலை தெரியும், கடல் தெரியாது. எங்களுக்கு ஹாபர் என்பது கொன்டெய்னர் லொறியும் ட்ராபிக்கும்.

கப்பல் எங்கே நிற்கும் என்ற கேள்வி மட்டும் மறையவில்லை. பெரிய கம்பனிகளின் கப்பல்களுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கப்படுகிறது. பழைய தபால் கப்பலின் இடத்தில் இப்போது அவை. கிழக்கு முனையத்தை யாருக்குக் கொடுப்பது என்று தொழிற்சங்கங்கள் போராடி, 2021 பெப்ரவரியில் அது துறைமுக அதிகாரசபையிடமே இருக்கும் என்று முடிவாகியது. அதே வருடம் மேற்கு முனையம் அதானி, ஜோன் கீல்ஸ் கூட்டுக்குப் போனது. கொழும்பில் நிற்பவர் யார் என்பது டில்லியிலும் பீஜிங்கிலும் பேசப்படுகிறது. கொட்டாஞ்சேனையில் பேசப்படுவதில்லை.

பேசாவிட்டாலும் விளைவு எங்களிடம்தான் வரும். எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் அந்தக் கொன்டெய்னரை இறக்கவில்லை. கப்பல் கொழும்புக்கு வந்து, ஹாபருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது 2021 மே 20ஆம் திகதி தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. மீன் பிடிக்கத் தடை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. ஆபத்தான ஒரு கப்பலை எங்கே நிறுத்துவது, யார் உள்ளே விடுவது, யார் தள்ளிவிடுவது என்று ஏதோ அலுவலகங்களில் எடுத்த முடிவுக்கு மீனவக் குடும்பங்கள் அடுப்பை அணைத்துவிட்டு இருந்தன. 1914இல் எலி வந்த அதே வழி என்று எனக்குத் தோன்றியது.

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்?

"தமிழர்தான் ஹாபரைக் கட்டினார்கள், அது எங்கட சொத்து" என்று கொடி தூக்கச் சொல்லவில்லை. அது இன்னொரு பிழை. மலையாளிகள், முஸ்லிம்கள், சிங்களவர், மலாயர், மஹர கைதிகள் எல்லோருடைய கையும் அதில் இருக்கிறது. "இது எங்களுக்கு மட்டும்" என்று 1930களில் தொடங்கிய பேச்சுத்தான் 1927இன் ஒற்றுமையை உடைத்தது. ஹாபர் எங்கட ஊர் என்று நான் சொல்லும்போது, அதே நேரத்தில் அது மற்றவர்களுடைய ஊராகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர் என்றால் தனியுரிமை இல்லை.

பிரித்தானியர் காலத்தை நினைத்து ஏங்கவும் சொல்லவில்லை. வரிசையாக நின்ற கப்பல்களின் படத்தைப் பார்த்து "அந்தக் காலம் எவ்வளவு ஒழுங்கு" என்று பேஸ்புக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஒழுங்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் அந்தப் படத்தை ரசிக்க ஏலாது.

நான் கேட்பது மூன்று சின்ன வேலை. முதலாவது, எங்கட வீடுகளில் கேளுங்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம் வார்ஃப் கிளார்க்காக, கிரேன் ஓட்டுநராக, டலிக் கணக்கெழுதுபவராக, டொக்கில் வெல்டராக இருந்த தாத்தா, பெரியப்பா இல்லாத குடும்பம் குறைவு. லைட்டரைக் கண்ட கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயது. போனில் பதிவு செய்யலாம். "எந்தத் துறையில் வேலை? காலையில் பெயர் எப்படிக் கூப்பிடுவார்கள்? கப்பல் இல்லாத நாள் என்ன செய்வீர்கள்?" இந்த மூன்று கேள்வி போதும், மிச்சத்தை அவர்களே சொல்லுவார்கள். பதிவுகளை நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் சேர்த்தால் நிலைக்கும்.

இரண்டாவது, சொற்களைச் சேருங்கள். ஹாபரில் தமிழும் சிங்களமும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து உருவான சொற்கள் அகராதியில் இல்லை. வேலை போனதும் சொல்லும் போகும்.

மூன்றாவது, கலைப்பீட மாணவர்களுக்கு. ஆய்வுத் தலைப்புத் தேடும்போது எல்லோரும் ஒரே நாலு தலைப்பைச் சுற்றி வருகிறோம். மலையக இலக்கியம் இருக்கிறது, யாழ்ப்பாணச் சமூகம் இருக்கிறது, போர் இருக்கிறது. எல்லாம் தேவை. ஆனால் தேசிய சுவடிகள் கூடத்தில் துறைமுக ஆணைக்குழுவின் ஆவணங்களைத் தேடிப் பார்க்கலாம். சைத்திய வீதியில் துறைமுக அதிகாரசபையின் அருங்காட்சியகத்துக்குப் போய், கேள்விகளோடு திரும்பி வரலாம். தமிழில் ஒரு ஆய்வு வந்தாலே அடுத்தவருக்குப் பிடிமானம்.

இதெல்லாம் செய்தாலும் புளூமெண்டால் வீதியில் லொறி குறையப் போவதில்லை. ஆனால் அடுத்த முனையம் பற்றி, அடுத்த ஆபத்தான கப்பல் பற்றி முடிவெடுக்கும்போது, "இங்கே நாலு தலைமுறையாக இருக்கிறோம், எங்களையும் கேளுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு ஆதாரம் வேண்டும். வந்து தங்கினவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஊரவர்களிடம்தான் கேட்பார்கள்.